வேலைக்குப் போகாத வாரத்தின் சம்பளம்

நாட்கூலிக்கு உழைப்பவராயினும் மாதச் சம்பளம் பெறுபவராயினும், உழைத்து உண்பவர் யாவருக்கும் பொதுவான அச்சம் ஒன்று உண்டு. வீட்டிலே ஒருவர் நோயாய்க் கிடக்கும்போது வேலைக்குப் போனால் நோயாளி தவிப்பார். போகாது வீட்டிலிருந்தால் அடுப்பு எரியாது. குழந்தை பிறந்த வீட்டின் நிலையும் இதுவே. இந்த இக்கட்டு செல்வ நாடு, வறிய நாடு என்று பார்த்து வருவதில்லை. உலகத்திலே பெருஞ்செல்வம் படைத்ததெனப் பேசப்படும் ஐக்கிய அமெரிக்காவில் இது இன்னும் முற்றாகத் தீர்க்கப்படவில்லை என்று கேட்டால் நேயர்களுட் சிலர் வியப்படையக்கூடும். அந்நாட்டின் மத்திய அரசாங்கம், தனியார் துறையிலே தொழில் செய்வோருக்கு மகப்பேற்றுக் காலத்திலோ நோய்க் காலத்திலோ சம்பளம் கிடைக்கவேண்டுமென்று பொதுச் சட்டம் எதனையும் இயற்றியதில்லை. மத்திய அரசாங்கம் செய்யாததைச் சில மாநிலங்கள் தாமே செய்ய முன்வந்தன. அவற்றுள் ஒன்றாகிய வாஷிங்டன் மாநிலம் அமைத்த திட்டம் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதே இப்பேச்சின் பொருள்.

வாஷிங்டன் என்றதும் ஜனாதிபதி வாழும் தலைநகரே பலருக்கு நினைவு வரும். இது அதுவன்று. அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலே பசிபிக் சமுத்திரக் கரையில் உள்ள மாநிலம் இது. விமானத் தொழிலுக்கும் துறைமுகத்துக்கும் பேர்போன சியாட்டில் நகரம் இதன் மேற்குப் பாகத்தில் உள்ளது. மலைத்தொடருக்குக் கிழக்கே, அப்பிள் தோட்டங்கள் நிறைந்த யாக்கிமாப் பள்ளத்தாக்கு உள்ளது. மாநிலச் சட்டசபை கூடுவது ஒலிம்பியா என்னும் சிறு நகரத்தில்.

விடுமுறை என்ற ஒரே சொல்லினுள்ளே வேறு வேறான பொருள்கள் அடங்கியுள்ளன என்பதை முதலில் உணர்ந்துகொள்ளல் வேண்டும். வேலைக்குப் போகாதிருக்க அனுமதி கிடைப்பது ஒன்று. போகாத நாளுக்குப் பணம் கிடைப்பது இன்னொன்று. திரும்பிப் போகும்போது தன்னுடைய இடம் தனக்காகக் காத்திருப்பது மற்றொன்று. அரசாங்க உத்தியோகத்தருக்கு இம்மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே கிடைப்பதால் இவற்றின் வேறுபாடு அவருக்குத் தோன்றுவதில்லை. அமெரிக்கத் தொழிலாளிக்கோ இவை வெவ்வேறு சட்டங்களின் மூலம், வெவ்வேறு காலத்திலே, வெவ்வேறு அளவாகக் கிடைத்தன. ஒன்று கிடைத்தவருக்கு மற்றது கிடையாமற் போவதும் உண்டு.

மத்திய அரசாங்கம் 1993ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 5ஆம் திகதி ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. ஜனாதிபதி கிளின்ரன் பதவியேற்ற சில நாட்களுள்ளே கையொப்பமிட்ட சட்டம் அது. தொழிலாளி தன் நோய்க்காகவோ, பெற்றோர், பிள்ளை, வாழ்க்கைத்துணை ஆகியோரின் கடும் நோய்க்காகவோ, குழந்தை பிறந்ததற்காகவோ ஆண்டிலே 12 வாரங்கள் விலகியிருக்கலாம். திரும்பி வரும்போது அவருடைய வேலையை, அல்லது அதற்குச் சமமான வேலையைக் கொடுத்தல் வேண்டும். ஆனால் அந்த 12 வாரங்களுக்கும் சம்பளம் இல்லை. அன்றியும் 50 பேருக்குக் குறைந்த தாபனங்களை அச்சட்டம் தொடவில்லை. பெரிய தாபனமாயினும், அங்கே ஓராண்டு வேலை செய்து, அவ்வாண்டில் 1,250 மணித்தியாலம் உழைத்தவருக்கே உரிமை உண்டு. அனுமதியும் இடமும் தந்த சட்டம் பணத்தைத் தரவில்லை என்று சுருக்கமாகச் சொல்லலாம். சம்பளமின்றி 12 வாரம் இருக்கக்கூடியவர் யார் என்ற கேள்விக்கு விடை கூற வேண்டியதில்லை.

பணத்தைத் தரும் வழியை மாநிலங்கள் அதற்கு முன்னரே ஓரளவு கண்டிருந்தன. அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமாகிய றோட் ஐலண்ட் 1942ஆம் ஆண்டிலே, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, நோயுற்ற தொழிலாளருக்குக் காப்புறுதிப் பணம் கொடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. கலிபோர்னியா 1946இலும், நியூ ஜேர்சி 1948இலும், நியூ யோர்க் 1949இலும் அதனைத் தொடர்ந்தன. இவை தொழிலாளியின் சொந்த நோய்க்கே பணம் கொடுத்தன. தாயின் படுக்கையருகே இருக்கும் மகனுக்குக் கொடுக்கவில்லை. அந்தப் படியைத் தாண்டுவதற்கு மேலும் அரை நூற்றாண்டு சென்றது. குடும்பத்தவரைப் பராமரிக்கவும் குழந்தையோடு இருக்கவும் பணம் கொடுக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா 2002இல் இயற்றி, 2004 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய நோய்க் காப்புறுதி நிதி ஏற்கனவே இருந்தபடியால் அதற்குப் புதிய கட்டடம் எழுப்ப வேண்டியிருக்கவில்லை; இருந்த வீட்டிலே ஓர் அறை கூட்டியது போலாயிற்று.

வாஷிங்டன் மாநிலத்திற்கு அத்தகைய பழைய வீடு இல்லை. அதனால் நேர்ந்த அவலம் ஒன்றுண்டு. 2007ஆம் ஆண்டிலேயே அங்கே ஒரு சட்டம் நிறைவேறியது. புதிதாகப் பிறந்த, அல்லது சுவீகாரம் எடுத்த குழந்தையின் பெற்றோருக்கு வாரம் 250 டொலர் வீதம் 5 வாரங்களுக்குக் கொடுப்பதென்று அச்சட்டம் கூறியது. 2009 ஒக்டோபரில் தொடங்குவதென்று நாளும் குறிக்கப்பட்டது. ஆனால் பணம் எங்கிருந்து வரும் என்பதைச் சட்டம் கூறவில்லை. பொருளாதார வீழ்ச்சியும் வந்து சேர்ந்தது. தொடங்கும் நாள் ஒருமுறை ஒத்திவைக்கப்பட்டது, மறுமுறையும் ஒத்திவைக்கப்பட்டது, ஈற்றில் நாளே குறிக்காமல் விடப்பட்டது. சட்டப் புத்தகத்தில் இருந்த அவ்வுதவியை ஒரு தாயேனும் பெற்றதில்லை. நிதி இல்லாத சட்டம் கடதாசியிற் கீறிய மாம்பழம் போன்றது. பார்க்கலாம், தின்ன முடியாது.

பத்து ஆண்டுகளின் பின்னர், 2017ஆம் ஆண்டு, இரு கட்சியினரும் தொழிற்சங்கத்தாரும் வர்த்தகரும் ஒரு மேசையிலிருந்து பேசிப் புதிய சட்டம் ஒன்றை ஆக்கினர். கவர்னர் இன்ஸ்லி அவ்வாண்டு ஜூலை 5ஆம் திகதி அதிற் கையொப்பமிட்டார். முன்னைய தவறு இம்முறை நிகழவில்லை. 2019 ஜனவரியில் பணம் சேர்க்கத் தொடங்கினர். ஓராண்டு சேர்த்த பின்னரே, 2020 ஜனவரியில், கொடுக்கத் தொடங்கினர்.

சேர்க்கும் முறை எமது ஊர்களிலுள்ள மரண உதவிச் சங்கங்களை அறிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். சங்கத்தார் யாவரும் மாதந்தோறும் சிறு தொகை கொடுக்கின்றனர். எந்த வீட்டில் மரணம் நிகழ்கின்றதோ அந்த வீட்டுக்குச் சங்கப் பணம் போகின்றது. கொடுத்ததைத் திரும்பப் பெறவில்லையே என்று ஒருவரும் வருந்துவதில்லை, பெறாமலிருப்பதே நல்லது. சீட்டுப் பிடித்தலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். சீட்டிலே ஒவ்வொருவருக்கும் முறை வரும். காப்புறுதியிலே தேவை வந்தவருக்கே முறை வரும்.

வாஷிங்டன் திட்டத்தில் இக்கட்டுப்பணம் சம்பளத்தின் ஒரு சிறு வீதமாகக் கணிக்கப்படுகின்றது. முதலாண்டாகிய 2019இல் அது நூற்றுக்கு 0.4 ஆக இருந்தது. ஆண்டுக்கு 50,000 டொலர் சம்பளம் பெறுபவரின் பெயரில் அவ்வாண்டு செலுத்தப்பட்ட மொத்தத் தொகை 200 டொலர். அதிலே ஏறத்தாழ 127 டொலர் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து வெட்டப்பட்டது. எஞ்சிய 73 டொலரைத் தொழில் கொள்வோர் கொடுத்தார். இவ்வாறு சேர்வதெல்லாம் மாநிலத்தின் தொழிற் பாதுகாப்புத் திணைக்களம் நடத்தும் பொது நிதியொன்றிற் போய்ச் சேரும். உதவிப்பணம் கொடுப்பதும் அந்தத் திணைக்களமே. தொழில் கொள்வோர் அன்று.

இந்த இடத்திலே இலங்கை நேயர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் நன்று. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டத்தின்படி இங்கே தாய்மாருக்குரிய பணத்தைக் கொடுக்கும் பொறுப்பு அவ்வப் பெண்ணை வேலைக்கு வைத்திருப்பவரையே சாரும். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எத்தனையாவது குழந்தையாயினும் 84 நாள் என்றானபோதும் அப்பொறுப்பு மாறவில்லை. ஆகவே பெண்களை அதிகமாக வைத்திருப்பவருக்குச் செலவு அதிகம். வாஷிங்டனிலே தாயொருத்தி விடுமுறையிற் போனால் அவளுடைய முதலாளி அவளுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. அந்த மாநிலத்து விமானத் தொழிற்சாலையிலும் பழத்தோட்டத்திலும் கடையிலும் உழைக்கும் அனைவரும் சேர்ந்து கொடுக்கின்றனர். பெண்ணை வேலைக்கு எடுத்தால் நட்டம் என்று கணக்குப் பார்ப்பதற்கு அங்கே அவ்வளவு காரணம் இல்லை. பொது நிதி முறையின் தலைசிறந்த நன்மை இதுவெனலாம்.

உதவி பெறும் தகுதியையும் இத்திட்டம் வேறு வகையாக வைத்துள்ளது. எந்தத் தாபனத்தில் எத்தனை ஆண்டு இருந்தார் என்று கேட்பதில்லை. குறித்த நான்கு காலாண்டுகளில் மொத்தமாக 820 மணித்தியாலம் வேலை செய்திருந்தாற் போதும். வாரத்துக்கு ஏறத்தாழ 16 மணித்தியாலம் என்று வரும். காலையில் ஓர் இடத்திலும் மாலையில் இன்னோர் இடத்திலும் வேலை செய்பவருடைய நேரங்கள் ஒன்றாகக் கூட்டப்படும். ஒரு பருவத்திலே தோட்டத்திலும் அடுத்த பருவத்திலே பழம் பொதியும் சாலையிலும் உழைப்பவருக்கும் அவ்வாறே. அடிக்கடி வேலை மாறும் ஏழைத் தொழிலாளியை மனத்தில் வைத்து எழுதிய விதி இது என்பது வெளிப்படை.

தன் நோய்க்கு 12 வாரம், குடும்பத்தவருக்காக 12 வாரம், ஒரே ஆண்டில் இரண்டும் வந்தால் கூடியது 16 வாரம் என்பது பொது அளவு. கருவுற்ற காலத்தில் சிக்கல் நேர்ந்த தாய்க்கு 18 வாரம் வரை உண்டு. குழந்தைக்காகத் தாய் மாத்திரமன்றித் தந்தையும் விடுமுறை எடுக்கலாம். குடும்பம் என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளும் விரிந்தது. பெற்றோர், பிள்ளை, கணவன், மனைவி என்பதோடு பாட்டன், பாட்டி, பேரப்பிள்ளை, உடன்பிறந்தார், மாமன், மாமி என்போரும் அடங்குவர். 2021ஆம் ஆண்டிலே மருமக்களையும், ஒரே வீட்டில் வாழ்ந்து பராமரிப்பை எதிர்பார்த்திருக்கும் பிறரையும் சேர்த்தனர். கூட்டுக் குடும்பத்தை மறந்த நாடென்று பேசப்படும் தேசத்தின் சட்டம், மாமியாருக்குச் செய்யும் பணிவிடைக்குச் சம்பளம் கொடுக்கின்றது! 2022இல் வேறொரு திருத்தம் வந்தது. குழந்தைக்காக விடுமுறை பெற்றிருந்தவருடைய, அல்லது பெறவிருந்தவருடைய குழந்தை இறந்துவிட்டால், இறந்த நாளின் பின்னர் ஏழு நாட்களுக்கும் உதவி உண்டு. அதற்கு முன்னர், குழந்தை இறந்த கணத்தோடு உரிமையும் முடிந்துவிட்டது.

பணத்தின் அளவைக் கணிக்கும் முறை சிறிது நுட்பமானது; எனினும் அதிலேதான் திட்டத்தின் நீதி அடங்கியிருக்கின்றது. மாநிலத்தில் உழைப்போரின் சராசரி வாரச் சம்பளத்தை முதலில் எடுத்துக்கொள்வர். 2025ஆம் ஆண்டுக் கணக்குக்கு அது ஏறத்தாழ 1,714 டொலர். அதிற் பாதி 857. தொழிலாளியின் சம்பளத்தில் அந்தப் பாதியளவு வரையுள்ள பகுதிக்கு நூற்றுக்கு 90 வீதமும், அதற்கு மேற்பட்ட பகுதிக்கு நூற்றுக்கு 50 வீதமும் கொடுப்பர். வாரம் 600 டொலர் பெறுபவருக்கு 540 கிடைக்கும். 1,200 பெறுபவருக்கு ஏறத்தாழ 943 கிடைக்கும். 2,400 பெறுபவருக்கு அவ்வாண்டின் உச்ச எல்லையாகிய 1,542 டொலர் கிடைக்கும். அவருடைய சம்பளத்தில் அது மூன்றில் இரண்டு பங்கிலும் சிறிது குறைவு. கட்டுப்பண வீதம் யாவருக்கும் ஒன்றே; உதவிப்பண வீதமோ குறைந்த சம்பளக்காரருக்குக் கூடியது. சேமிப்பு இல்லாத வீட்டில் நூற்றுக்கு ஐம்பது கொடுத்தால் அவர் விடுமுறை எடுக்கவேமாட்டார் என்பதைச் சட்டம் ஆக்கியோர் அறிந்திருந்தனர். கலிபோர்னியா 2004இல் தொடங்கியபோது நூற்றுக்கு 55 வீதமே கொடுத்தது. பின்னர் அதனைப் படிப்படியாக உயர்த்தி, 2025இல் 70 முதல் 90 வரை ஆக்கியது. மூத்த மாநிலம் இளைய மாநிலங்களிடம் பாடம் கேட்டது என்றே கூறலாம்.

விண்ணப்பிக்கும் முறையிலே விசேடம் ஒன்றுமில்லை. முன்கூட்டியே தெரிந்த காரியமானால் 30 நாளுக்கு முன் தொழில் கொள்வோருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். நோய்க்கு வைத்தியரின் அத்தாட்சி வேண்டும். பின்னர் திணைக்களத்துக்கு விண்ணப்பம். அதன் பின் வாரந்தோறும் ஒரு கோரிக்கை. முதல் வாரம் காத்திருக்கும் வாரம், பணம் இல்லை. பிள்ளைப்பேற்றுக்கு அந்த வாரமும் விலக்கு. இவ்வளவும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தும், 2020 ஜனவரியில் வாயில் திறந்தவுடனே எதிர்பார்த்ததிலும் மிகக் கூடுதலான விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. குழந்தை பிறந்து பல வாரமாகியும் பணம் வரவில்லை என்று தாய்மார் முறையிட நேர்ந்தது. தேவை எவ்வளவென்று கணக்கர் எண்ணியதைவிட மக்கள் நன்றாக அறிந்திருந்தனர்.

இதுவரை கூறியவை திட்டத்தின் ஒளியுள்ள பக்கம். மற்றப் பக்கத்தைக் காண்பதற்கு இரு சகோதரரைக் கற்பனை செய்து பார்க்கலாம். மூத்தவர் சியாட்டிலில் 300 பேர் வேலை செய்யும் ஒரு தாபனத்தில் இருக்கின்றார். இளையவர் யாக்கிமாவில் 10 பேர் வேலை செய்யும் மோட்டார்த் திருத்தகத்தில் இருக்கின்றார். இருவரும் தத்தம் இடத்திற் பல ஆண்டு முழுநேரம் உழைத்தவர்கள். இருவருக்கும் வாரச் சம்பளம் 1,200 டொலர். கட்டுப்பண வீதம் நூற்றுக்கு 0.92 ஆக இருந்த 2025ஆம் ஆண்டில் இருவருடைய சம்பளத்திலிருந்தும் வாரந்தோறும் ஏறத்தாழ 7 டொலர் 90 சதம் வெட்டப்பட்டது. அவ்வாண்டு அவர்களின் தாயாருக்குப் பெரிய சத்திரசிகிச்சை ஒன்று நடக்கின்றது என்று கொள்வோம். முதல் ஆறு வாரம் மூத்தவர், அடுத்த ஆறு வாரம் இளையவர் என்று முறை வைத்துக்கொள்கின்றனர். காத்திருக்கும் முதல் வாரம் கழிந்தபின் இருவருக்கும் ஒரே அளவு உதவிப்பணம் வருகின்றது. இவ்வளவும் சமம்.

ஆறு வாரம் முடிந்து மூத்தவர் தாபனத்துக்குத் திரும்புகின்றார். அவருடைய இடம் இருக்கின்றது, இருந்தே ஆகவேண்டும். இளையவர் திருத்தகத்துக்குத் திரும்புகின்றார். அவருடைய இடத்தில் வேறொருவர் நிற்கின்றார். 2025 முடியும்வரை, வேலையைத் திருப்பிக் கொடுக்கும் கடமையை இத்திட்டச் சட்டம் 50 பேரும் அதற்கு மேற்பட்டோரும் உள்ள தாபனங்களுக்கே விதித்திருந்தது. 1993ஆம் ஆண்டு மத்திய சட்டத்தின் அளவையே அது கடன் வாங்கியது. விடுமுறை கேட்டதற்காக ஒருவரைத் தண்டித்தல் கூடாது என்ற தடை சிறு தாபனங்களுக்கும் உண்டுதான். ஆனால் தண்டிப்பது வேறு, கைக்கு ஆள் இல்லாமல் இன்னொருவரை வைத்துக்கொண்டோம் என்பது வேறு. இரண்டாவதைக் கூறும் முதலாளியோடு இளையவர் வாதாட முடியாது.

இதிலே கவனிக்கவேண்டிய இன்னுமொன்று உண்டு. 50 பேருக்குக் குறைந்த தாபனத்தின் முதலாளிக்குக் கட்டுப்பணத்தில் தொழில் கொள்வோர் பங்கும் விலக்களிக்கப்பட்டுள்ளது. அவர் விரும்பினாற் கொடுக்கலாம், கொடுக்கவேண்டுமென்பதில்லை. ஆகவே சிறு முதலாளி பங்கும் கொடுக்கவில்லை, இடத்தையும் காக்கவில்லை. சிறு முதலாளியின் தொழிலாளியோ பெருந் தாபனத்துத் தொழிலாளி கொடுத்த அதே பங்கை ஒரு சதமும் குறையாமற் கொடுத்துவந்தார். கொடுத்த பணத்துக்குரிய பணம் அவருக்கு வந்தது. ஆனால் அதனைப் பெறப் புறப்படும்போது வேலையையே பணயம் வைக்கவேண்டியிருந்தது. அத்தகையவர் பலர் உதவி கேளாமலே இருந்துவிடுவர் என்பதைக் காண ஆராய்ச்சி வேண்டாம். கேளாதிருப்பவரின் கட்டுப்பணம் கேட்பவருக்குப் போகின்றது. இடம் உறுதியான பெருந் தாபனத்தாரின் விடுமுறைக்கு, இடம் உறுதியற்ற சிறு கடைக்காரரின் ஆட்கள் உதவிசெய்தார்கள் என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். கணக்கு அவ்வாறுதான் காட்டுகின்றது.

சிறு முதலாளியின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. 10 பேரில் ஒருவர் 12 வாரம் இல்லையென்றால் வேலை தடைப்படும். தற்காலிகமாக வருபவருக்குத் தொழில் பழக்கவேண்டும். பழகி முடிய அவரை அனுப்பவேண்டும். இதற்காகவே 150 பேர் வரையுள்ள தாபனங்களுக்கு, விடுமுறையிற் போனவரின் இடத்தில் ஆள் வைக்கும் செலவுக்கென்று மானியம் கொடுக்கும் ஏற்பாடும் சட்டத்தில் வைக்கப்பட்டது. எனினும் பிற மாநிலங்கள் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்துள்ளன. 2016இல் நியூ யோர்க் இயற்றிய குடும்ப விடுமுறைச் சட்டமும் 2018இல் மாசச்சூசெற்ஸ் இயற்றிய சட்டமும், பணம் பெற்று விடுமுறையிற் போனவரைத் திரும்ப வேலைக்கு ஏற்கவேண்டுமென்று கூறுகையில், தாபனத்தின் பருமனைப் பார்க்கவில்லை. கலிபோர்னியாவில் பணம் கொடுக்கும் சட்டம் இடத்தைப் பற்றி ஒன்றுமே கூறவில்லை. அங்கே இடத்தைக் காக்கும் வேறொரு மாநிலச் சட்டத்தின் எல்லையை 2021 ஜனவரி முதல் 5 பேர் உள்ள தாபனம் வரை இறக்கினார்கள். கடைகள் அங்கே அதனால் மூடுண்டு போய்விடவில்லை. 2023ஆம் ஆண்டு முடிவில் 13 மாநிலங்களும் தலைநகரப் பிரதேசமும் சம்பள விடுமுறைச் சட்டங்களை இயற்றியிருந்தன. இடத்தைக் காக்கும் விதி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதம்.

பணப்பெட்டியின் நிலையையும் கூறாமல் விடலாகாது. தொடக்கத்திலே நூற்றுக்கு 0.4 போதுமென்று எண்ணியது பிழையாயிற்று. 2022இல் நிதி வற்றும் நிலை வந்தபோது சட்டசபை பொதுப் பணத்திலிருந்து உதவிக்கு ஏற்பாடு செய்யவேண்டியதாயிற்று. கட்டுப்பண வீதம் அவ்வாண்டு 0.6 ஆகவும், 2023இல் 0.8 ஆகவும் ஏறி, 2024இல் 0.74 ஆகச் சற்று இறங்கி, மீண்டும் 2025இல் 0.92 ஆகவும் 2026இல் 1.13 ஆகவும் உயர்ந்தது. 1.2க்கு மேற்படலாகாது என்பது சட்டத்தின் எல்லை. எல்லைக்கும் வீதத்துக்கும் இடையே உள்ள இடைவெளி குறுகிவிட்டது. கேளாமலிருந்த சிறு தாபனத்தாரும் இனிக் கேட்கத் தொடங்கினால் நிதியின் சுமை இன்னும் ஏறும். அதனைக் காரணம் காட்டி அவர்களைக் கேளாமலே வைத்திருப்பது நேர்மையாகுமா? மரண உதவிச் சங்கத்திலே, சில வீடுகள் பணம் கேளாதபடி பார்த்துக்கொண்டால் சங்கம் செழிக்கும் என்று யாரேனும் பொருளாளர் சொன்னால் ஊர் அவரைச் சும்மா விடாது.

2025ஆம் ஆண்டு வாஷிங்டன் சட்டசபை இதற்குச் செவிசாய்த்தது. புதிய சட்டத்தின்படி 2026 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் 25 பேர் உள்ள தாபனங்களும் வேலையைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். 2027 ஜனவரியில் அவ்வெல்லை 15 பேருக்கும், 2028 ஜனவரியில் 8 பேருக்கும் இறங்கும். ஓராண்டும் 1,250 மணித்தியாலமும் என்றிருந்த நிபந்தனைக்குப் பதிலாக, விடுமுறைக்கு முன் 180 நாள் அத்தாபனத்தில் இருந்திருந்தாற் போதும் என்றும் மாற்றினர். முழு நாளாகவன்றி, நாலு மணித்தியாலம் போலச் சிறு அளவாகவும் விடுமுறை எடுக்கலாமென்றும் கூறினர். மருந்து ஏற்றுவதற்குத் தாயை வாரத்தில் ஒரு காலைப்பொழுது வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்பவருக்கு இது பெரிய உதவி. கட்டுப்பணத்தில் சிறு முதலாளிக்குள்ள விலக்கு 50 பேர் என்ற பழைய எல்லையிலேயே நிற்கின்றது.

யாக்கிமாத் திருத்தகத்திலே 10 பேர். 2026இன் 25 அவருக்கு உதவாது. 2027இன் 15உம் உதவாது. இளைய சகோதரருக்கு, அவர் அங்கே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டிருப்பின், அந்த உரிமை 2028 ஜனவரி முதலாந் திகதி கிடைக்கும். அதற்கிடையில் மூவர் விலகி அவர்களுக்குப் பதிலாக ஆள் வைக்கப்படாவிட்டால், திருத்தகத்தில் எழுவரே எஞ்சுவர்; அப்போதும் அவருடைய சம்பளத்திலிருந்து கட்டுப்பணம் வாரந்தோறும் வெட்டப்பட்டுக்கொண்டிருக்கும்.